செம்பாறை முனையின் ஆதார உயிரி

செண்பகராமன் இல்லாமல் போனால் செம்பாறை முனைக்கு என்ன ஆகும் என்று இயந்திரத்திடம் கேட்டது வேறு யாருமில்லை, செண்பகராமனேதான். தன் வாயாலேயே தான் கெட்டுப்போவதில் அவருக்கு நீண்ட அனுபவம் உண்டு. பெண் பார்க்கப் போன இடத்தில் "கேசரி சுமார்தான்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கேசரியைக் கிண்டியவளையே கட்டிக்கொண்டு முப்பது வருடம் ஓட்டியவர்.

செம்பாறை முனை குமரிக் கடலோரத்தில் ஒரு கடற்காப்பகம். கடல் உள்வாங்கும்போது வெளிப்படும் பாறைகளில் என்னென்ன உயிர்கள் ஒட்டியிருக்கின்றன என்று வருடம் இருமுறை கணக்கெடுப்பது அவர் வேலை. இருபது வருடமாக அதையே செய்து வந்தார். பாறையில் ஒட்டியிருக்கும் கூர்மையான கொட்டலசு ஓடு காலைக் கிழிக்கும், பாசி வழுக்கிவிடும், வெயில் முதுகை உரிக்கும். இருந்தாலும் ஒரு பாறைக்குழியில் கடல் சாமந்தி இதழ் விரிப்பதைப் பார்க்க உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு மறந்துபோகும். தன்னை விட்டால் இந்தப் பாறைகளுக்கு நாதியில்லை என்று அவர் உறுதியாக நம்பினார். பாறைகளின் அபிப்பிராயத்தை அதுவரை யாரும் கேட்டதில்லை.

கேட்கிற இயந்திரம் அந்த வருடம் வந்து சேர்ந்தது. முறம் அளவு உடம்பு, ஆறு கால், இரண்டு கண். அதன் நிஜப் பெயர் மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும். காவலாளிகள் 'நண்டு' என்று கூப்பிட்டார்கள், அதுவும் திரும்பிப் பார்த்தது. அதோடு பெயர் சூட்டு விழா முடிந்தது.

"இது என்ன பண்ணும்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார் இயக்குநர் தாட்சாயணி. நில அளவைத் துறையிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். கடலைப் பார்த்தாலே நான்கு எல்லைக்கல் எங்கே என்று தேடும் கண்.

"மேடம், ஒரு வீட்டிலேருந்து ஒரு ஆளை எடுத்துட்டா அந்த வீடு என்ன ஆகும்? சில ஆளை எடுத்தா வீடே இடிஞ்சு விழும். சில ஆளை எடுத்தா அடுத்த வேளைச் சாப்பாட்டுல யாருக்கும் தெரியாது. நண்டு அதே மாதிரி இந்தக் கரையிலேருந்து ஒவ்வொரு உயிரா எடுத்துட்டு, பிறகு என்ன நடக்கும்னு பாக்கும்."

"நிஜமாவே எடுத்துருமா?"

"கணக்குல மட்டும் மேடம். என்னோட இருபது வருசத் தரவு மொத்தமும் அதுக்குள்ள இருக்கு."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் நெஞ்சு கொஞ்சம் முன்னால் வந்தது.

சோதனைக்குக் காரணம் இருந்தது. புதிய காப்பகச் சட்டத்தின் சாரம் இரண்டே வரி. எதை நீக்கினால் கரை அழியுமோ அது ஆதார உயிரி, அது காப்பகத்தின் எல்லையைத் தாண்டக் கூடாது. எதை நீக்கினால் கரை செழிக்குமோ அதை வெளியேற்றியாக வேண்டும். பாறையிலிருந்து குதித்து மூழ்கிச் சிப்பி பெயர்க்கும் பதினோரு பேர் செம்பாறை முனையில் இருந்தார்கள். அவர்கள் ஊரும் காப்பகத்துக்குள்தான். அவர்களை விரட்டுவதா வேண்டாமா என்று விசாரணை நடக்கவிருந்தது. விரட்ட வேண்டும் என்பதுதான் செண்பகராமனின் கட்சி. பாறையெங்கும் உயிரே இல்லாத வழுக்கைத் திட்டுகள் பெருகிக்கொண்டே வந்தன. அது சிப்பிக்காரர்கள் வேலைதான் என்று அவர் மூன்று கட்டுரைகள் எழுதியிருந்தார்.

"நண்டு, சிப்பி எடுக்கிற பதினோரு பேரையும் நீக்கிப் பாரு" என்றார்.

"பார்த்தேன்" என்றது நண்டு. அதன் தமிழ் பாடப்புத்தகத் தமிழ். "சிப்பிகள் பெருகிப் பாறை முழுவதையும் மூடிவிடும். பாசிக்கும் கடல் சாமந்திக்கும் மற்ற சிறு உயிர்களுக்கும் ஒட்ட இடம் இருக்காது. பாதிக்கு மேற்பட்ட இனங்கள் அழியும். இவர்கள் ஆதார உயிரிகள்."

தாட்சாயணி அவரைப் பார்த்தார். செண்பகராமன் கூரையைப் பார்த்தார்.

"அப்போ அந்த வழுக்கைத் திட்டு எல்லாம்?"

"அது அவர்களால் ஏற்பட்டதல்ல."

இயந்திரம் உளறுகிறது என்று நிரூபிக்க ஒரு வழிதான் அவருக்குத் தோன்றியது. அங்கேதான் வாயைக் கொடுத்தார். "நல்ல கதையா இருக்கே! அப்போ என்னை நீக்கிப் பாரு. நான் இல்லாட்டி இந்தக் கரை என்ன ஆகும்? சொல்லு, மேடம் கேக்கட்டும்."

"வழுக்கைத் திட்டுகள் மறையும். கரை செழிக்கும்."

"எப்படி?" என்றார் தாட்சாயணி.

நண்டு சுவரில் படம் போட்டுக் காட்டியது. கணக்கெடுப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. குழாயால் செய்த ஒரு மீட்டர் சதுரத்தைப் பாறையில் அறைந்த இரும்பு முளைகளுக்கு நடுவே வைத்து, அதற்குள் இருப்பதை எண்ண வேண்டும். மேல் கோட்டிலும் இடக் கோட்டிலும் படுகிற உயிர் கணக்கில் உண்டு, கீழ்க் கோட்டிலும் வலக் கோட்டிலும் படுவது கிடையாது. இல்லையென்றால் ஒரே சிப்பியை இரண்டு முறை எண்ணிவிடுவோம். கணக்கில் வராத பக்கத்தில், கீழே வலது மூலையில், எண்ணுகிறவர் நின்றுகொள்வார். செண்பகராமன் ஒழுக்கமானவர். இருபது வருடமும் ஓர் அங்குலம் பிசகாமல் அதே இடத்தில் நின்றிருந்தார். படத்தில் ஒவ்வொரு சதுரத்தின் கீழ் வலது மூலையிலும் நீள்வட்டமாக இரண்டு வழுக்கைகள், ஜோடி ஜோடியாக, பாறை முழுக்கத் தெரிந்தன.

"திட்டின் நீளத்தை வைத்துப் பார்த்தால் காலணி அளவு ஒன்பது" என்றது நண்டு.

தாட்சாயணி மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். அதற்கு அவசியமே இல்லை.

அடுத்த அரை மணி நேரம் செண்பகராமன் பேரம் பேசினார். எட்டு கிலோ இளைத்தால்? திட்டுகள் சற்று மெதுவாகப் பெருகும் என்றது நண்டு. காலணியைக் கழற்றிவிட்டு வந்தால்? பாதிதான் சேதம், ஆனாலும் அவர் இல்லாமலிருப்பதே சிறப்பு. இடது காலில் மட்டும் நின்றால்? ஒரு வழுக்கை குறையும், விழுந்தால் பெரிய வழுக்கை ஒன்று கூடும். கொஞ்சம் சோம்பேறியாக, கண்ட இடத்தில் நின்று எண்ணியிருந்தால் பாறை தாங்கியிருக்கும் என்றும் அது சொன்னது. திறமையாக வேலை செய்ததற்காக அவரை இதுவரை யாரும் திட்டியதில்லை.

தாட்சாயணி கடைசியில் எழுந்தார். "விசாரணைக்குப் போக வேண்டியது சிப்பிக்காரங்க கணக்கு மட்டும்தான். உங்க கால் சமாசாரம் நீங்களா கேட்டது. அதைச் சொல்றதும் விடறதும் உங்க இஷ்டம். ஆனா திட்டு யாரால வந்ததுன்னு கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும். சொல்லாட்டி உங்க மூணு கட்டுரையைத்தான் நம்புவாங்க."

வீட்டுக்குப் போனதும் மனைவி பகவதியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். பகவதி நாகர்கோவிலில் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியை. திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"உண்மையச் சொன்னா ஒங்கள வெளிய அனுப்பிருவாவ. சொல்லாட்டி அவியள வெரட்டிருவாவ. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"அந்தப் பாறைய விட்டுட்டு நான் எங்க போவேன் பகவதி?"

"வீட்டுக்கு வருவிய. அது ஒண்ணுதான் எனக்கும் யோசனையா இருக்கு."

விசாரணையில் சொல்லிவிட்டார். சொல்லக் கூடாது என்று பஸ் ஏறும்வரை முடிவாக இருந்தவர்தான். ஆனால் முதல் வரிசையில் சிப்பிக்காரர்களின் தலைவன் ததேயு உட்கார்ந்திருந்தான். தோளெல்லாம் கொட்டலசு கிழித்த தழும்பு. செண்பகராமன் விசில் ஊதி விரட்டும்போதெல்லாம் கடலுக்குள்ளிருந்து அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு மறுபடி மூழ்குகிறவன். அந்தக் கும்பிடில் இருந்த கிண்டலுக்காக அவனை அவருக்குப் பிடிக்காது. அன்று அவன் கிண்டல் செய்யவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவனைப் போல உட்கார்ந்திருந்தான். செண்பகராமன் எழுந்து நின்று, காலணியைக் கழற்றி, சாட்சிக் கூண்டின் விளிம்பில் வைத்தார். "வழுக்கைத் திட்டு இதுதான் ஐயா" என்றார். கூட்டம் சிரித்தது. அவருக்கு அழுகை வந்தது.

சிப்பிக்காரர்களின் வக்கீல் உற்சாகமாகிவிட்டார். "மனிதனும் இயற்கையின் பிள்ளைதானே! மீனுக்கும் நண்டுக்கும் உள்ள உரிமை என் கட்சிக்காரர்களுக்கு இல்லையா?" என்று முழங்கினார். விசாரணை அதிகாரி அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். பதினோரு பேரும் ஆதார உயிரிகள். கணக்கெடுப்பாளர் செண்பகராமன் பாறையை விட்டு வெளியேற்றப்பட வேண்டியவர். ஊரில் வெடி வெடித்தார்கள். ததேயு அவர் கையைப் பிடித்து, "சாரே, ஒங்கள நெனச்சா பாவமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, அடக்க முடியாமல் சிரித்தான். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் காப்பக அலுவலகத்தில் ஜன்னலோர நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து நண்டு அனுப்பும் படங்களைப் பார்த்தார். அவர் நின்ற இடங்களிலெல்லாம் மெல்லப் பாசி துளிர்த்தது. நல்ல விஷயம்தான். நன்றிகெட்ட பாசி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே சந்தோஷப்பட்டார்.

ஒரு நாள் ததேயு அலுவலகத்துக்குள் புயலாக நுழைந்தான். கையில் பெட்டி, உடம்பில் புதுச் சட்டை, முகத்தில் கொலைவெறி.

"சாரே, சோதனைச் சாவடியில அந்த நண்டுச் சவம் கதவத் தெறக்க மாட்டேங்கு! 'ஆதார உயிரி எல்லை தாண்ட இயலாது'ங்குது. நான் என்ன உயிரியா? எம்மவ கலியாணம்வே! மஸ்கட்டுல நர்சா இருக்கா, அங்கயே மாதா கோயில்ல வச்சு முடிக்காவ. அப்பன் நான் போவாம பின்ன யாரு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறது?"

செண்பகராமன் தீர்ப்பை எடுத்துப் படித்தார். அவன் சொன்னது சரி. ஆமையைக் காப்பகத்திலிருந்து கடத்தக் கூடாது என்றால் ததேயுவையும் கடத்தக் கூடாது. ததேயுவே ததேயுவைக் கடத்தினாலும் குற்றம் குற்றந்தான். இந்தக் கண்ணியைப் பின்னிய கை யாருடையதோ, அதற்கு நூல் கொடுத்தது தன் சாட்சியம் என்று அவருக்கு உறைத்தது.

நண்டைக் கூப்பிட்டுக் கேட்டார். "இவனை நீக்கினா என்ன ஆகும்?"

"சிப்பி பெருகும். இவருக்குச் சமமாக இரை எடுக்கும் வேறொன்று இவர் இடத்தில் இருந்தால் பாதகமில்லை. அது தவறினால் இவரைத் திரும்ப அழைக்க வேண்டும்."

வேறொன்று எங்கே இருக்கிறது? ஊரில் மூழ்கத் தெரிந்தவர்கள் அந்தப் பதினோரு பேர்தான், மற்றவர்கள் எப்போதோ கப்பல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போய்விட்டார்கள். ததேயு பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தான். "அவகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?" என்றான்.

"நான் இருக்கேன்" என்றார் செண்பகராமன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது. ததேயுமீது இரக்கம் இருந்தது உண்மை. அதைவிடப் பெரிய உண்மை, மறுபடி அந்தப் பாறையில் கால் வைக்க ஒரு வழி கிடைத்துவிட்டதே என்று மனம் துள்ளியது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

"இவரை வெளியேத்தியிருக்காங்களே" என்று சத்தம் கேட்டு வந்து நின்ற தாட்சாயணி இழுத்தார்.

"கணக்கெடுப்பவராக வரக் கூடாது" என்றது நண்டு. "இரை எடுப்பவராக வரலாம். வெறுங்காலுடன்."

"சாரே" என்றான் ததேயு மெதுவாக. "ஒங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

கடல் உயிரியலில் முனைவர் பட்டம் வாங்க முழங்கால் ஆழத் தண்ணீரே போதுமாயிருந்தது என்பதை அவர் விளக்கிச் சொன்னார். ததேயு சிலுவை போட்டுக்கொண்டான். அது யாருக்காக என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் அவனுக்குக் கதவு திறந்தது. அவன் வீட்டுத் திண்டாட்டம் தீர்ந்து, இவருடையது தொடங்கியது.

இடுப்பில் கயிறும் வலைப்பையும் கட்டி, கையில் உளியைக் கொடுத்து, பத்து பேருமாக அவரைப் பாறை விளிம்பிலிருந்து இறக்கினார்கள். முதல் நாள் அவர் கடல் நீர் நிறையக் குடித்தார். இரண்டாம் நாள் ஒரு பாறையைக் கட்டிக்கொண்டு விடாமல் இருந்தார். நண்டு அருகில் வந்து நின்று, "இவ்வினம் நகர்வதா, ஒட்டி வாழ்வதா?" என்று கேட்டது. ஊர்ப் பிள்ளைகள் கரையில் உருண்டு சிரித்தார்கள். அவர் முகத்துக்கு எதிரே, ஒரு சாண் தூரத்தில், பாறை இடுக்கில் ஒரு கடல் சாமந்தி நீருக்கடியில் ஆடிக்கொண்டிருந்தது. மேலிருந்தே பார்த்துப் பழகிய அதை முதல்முறையாகப் பக்கவாட்டில் பார்த்தார். பயத்தோடு பயமாக, இத்தனை காலம் தான் ஒரு மொட்டைமாடியில் நின்று ஊரைப் பார்த்தவன் என்று அவருக்குத் தோன்றியது.

சிப்பி மட்டும் வரவில்லை. அவர் ஒன்றைப் பெயர்ப்பதற்குள் மூச்சு முட்டிவிடும். ஆனால் மாலையில் நண்டு பையை எடை போடும்போது அது கனமாக இருந்தது. போகிற போக்கில் ஒவ்வொருத்தனும் ஒரு கை அள்ளி அவர் பையில் போட்டுவிட்டுப் போனான். நண்டு பையைத்தான் எடை போடும், எந்தக் கை போட்டது என்று அதற்குக் கேட்கத் தெரியாது. ததேயு நிம்மதியாகக் கல்யாணம் பார்க்கட்டும் என்று பத்து பேரும் கொஞ்சம் தாராளமாகவே போட்டுவிட்டார்கள்.

கல்யாணம் முடிந்து சில நாள் கழித்து ததேயு வீடியோவில் கூப்பிட்டான். கோட்டு போட்டிருந்தான். பின்னால் சிரிப்பும் பாட்டுமாகச் சத்தம்.

"சாரே, நல்லபடியா முடிஞ்சு. மவ அழுதா, நான் அதவிட அழுதேன். கேளுங்க, மருமவன் இங்க தொறமுகத்துல ஒரு வேல பாத்து வச்சிருக்கான். தண்ணிக்குள்ள எறங்காத வேல. அங்க வந்தா மறுபடி என்னப் பூட்டிருவாவ. அதான் இங்கனயே இருந்துரலாம்னு பாக்கேன். நீங்கதான் என்னவிட நல்லா எடுக்கியளாமே! பதினோரு பேருல ஒங்க பேருதான் மொதல்ல நிக்குன்னு நண்டு சொல்லிச்சாம்."

இருபது வருடத்தில் ஒரு சிப்பியைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாதவர் செண்பகராமன். தரவு தப்பு, அந்தச் சிப்பி எதுவும் நான் எடுத்ததில்லை என்று இப்போது சொன்னால் போதும். ததேயுவை மறுநாளே திருப்பி அழைப்பார்கள், அவர் ஜன்னலோர நாற்காலிக்கும் நாகர்கோவில் வீட்டுக்கும் திரும்பிவிடலாம். வாய் திறந்தது. தன் வாயைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும் என்பதால் அந்தக் கணத்தில் உண்மையிலேயே பயந்தார்.

"ஆமா ததேயு" என்றார். "நல்லாத்தான் எடுக்கேன். நீ அங்கயே இரு."

அதை நண்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ததேயு போனதிலிருந்து காப்பகத்திலேயே தங்கியிருந்துவிட்டு அன்று வீட்டுக்குக் கிளம்பியவருக்குச் சோதனைச் சாவடியில் கதவு திறக்கவில்லை. "ஆதார உயிரி எல்லை தாண்ட இயலாது" என்றது நண்டு. குரலில் கொஞ்சம் மரியாதை கூடியிருந்ததாக அவருக்குத் தோன்றியது.

அவர் போனில் கூப்பிட, சாயங்காலம் பகவதி வந்தாள். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, தூக்குச் சட்டியோடு நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள். தோல் கறுத்து, கால் முழுக்கக் கீறலாக, இடுப்பில் கயிற்றுத் தடத்தோடு நின்றார். நடந்ததைச் சொன்னார். பொய் சொன்னதையும் சேர்த்துச் சொன்னார்.

"நல்ல காரியம்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நண்டைக் கேட்டாள். "நான் உள்ள வரலாமா?"

"நீங்கள் கரைக்கு என்ன செய்வீர்கள்?"

"கரைக்கு ஒண்ணும் செய்ய மாட்டேன். இவியளுக்குச் சோறு போடுவேன்."

நண்டு சற்று நேரம் கணக்குப் பார்த்தது. கதவு மெதுவாகத் திறந்தது. பகவதி ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"ஆதார உயிரிக்கு இரை கொடுப்பதும் ஆதாரமாகிவிடக்கூடும்" என்றது நண்டு. "அப்படியானால் நீங்களும் திரும்பிச் செல்ல இயலாது."

பகவதி அவரைப் பார்த்தாள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வா என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல், வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு நின்றார். அவள் உள்ளே வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அப்ப வேண்டாம்" என்றாள், சட்டியைத் திறந்தபடி. "இங்கனயே நின்னு போடுதேன். கைய நீட்டுங்க."